ஐந்து தரம் சரி, ஆறாம் தரம் பிழை: 4 294 967 297 என்னும் எண்

மாணவர்களே, கணித வினாத்தாளில் "காட்டுக" அல்லது "நிறுவுக" என்று ஒரு வினா வந்தால் உங்களிற் பலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. 1 ஐப் பிரதியிட்டுப் பார்ப்பீர்கள், சரி வரும். 2 ஐப் பிரதியிட்டுப் பார்ப்பீர்கள், அதுவும் சரி. 3 உம் சரி. உடனே "எனவே இது எப்போதும் உண்மையாகும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிடுவீர்கள். அதற்குப் புள்ளி கிடைக்காது. "ஏன் சேர், சரியாகத்தானே வருகிறது?" என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார். அக்கேள்விக்கு நான் பதிலாகக் கரும்பலகையில் எழுதுவது ஓர் எண்ணை மட்டுமே.

4 294 967 297

முதலில் இதை வாசிக்கப் பழகுவோம். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. மில்லியன் முறையில் 4 பில்லியன் 294 மில்லியன் 967 ஆயிரத்து 297. பத்து இலக்கங்கள் கொண்ட இந்த எண் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா? ஐரோப்பாவின் சிறந்த கணித அறிஞர் ஒருவரே இதில் தவறினார். அது பிழை எனத் தெரியவர 92 ஆண்டுகள் சென்றன. ஆனால் அப்பிழையைக் கண்டுபிடிக்கத் தேவையான கணிதம் முழுவதும் உங்கள் பாடத்திட்டத்தினுள் இருக்கிறது. சுட்டிகள், மீதி, இரு வர்க்கங்களின் வித்தியாசம் ஆகிய மூன்றும் போதும்.

எண் பிறந்த இடம்

இந்த எண்ணைச் சுட்டி வடிவில் எழுதினால் 2³² + 1 ஆகும். இதே வகையைச் சேர்ந்த சிறிய எண்களை நோக்குக.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65 537

இவை ஐந்தும் முதன்மை எண்கள். சுட்டிகளைக் கவனித்தீர்களா? 1, 2, 4, 8, 16 என ஒவ்வொன்றும் முன்னையதன் இருமடங்கு. இடையிலுள்ள 3, 5, 6, 10 போன்ற சுட்டிகளை ஏன் விட்டுவிட்டோம் என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்கான காரணத்தை இப்போதே பார்த்துவிடுவோம். அதில் வரும் உத்தி பின்னரும் தேவைப்படும்.

2⁶ + 1 ஐ எடுப்போம். 6 இற்கு 3 என்னும் ஒற்றைக் காரணி உண்டு. எனவே 2⁶ = (2²)³ = 4³. இப்போது 4 ஐ 5 ஆல் வகுத்தால் மீதி 4. இதை வேறு விதமாகச் சொன்னால், 4 என்பது 5 இலும் 1 குறைவு. ஆகவே மீதியை −1 எனவும் கொள்ளலாம். மீதி −1 ஆகவுள்ள எண்ணை மூன்று தரம் பெருக்கினால் மீதி (−1)³ = −1. அதனோடு 1 ஐக் கூட்ட மீதி 0. எனவே 4³ + 1 ஆனது 5 ஆல் வகுபட்டே ஆகவேண்டும். செய்து பாருங்கள்: 64 + 1 = 65 = 5 × 13. அதேபோல் 2¹⁰ + 1 = 4⁵ + 1 = 1025 = 5 × 205. சுட்டியில் 1 தவிர்ந்த ஒற்றைக் காரணி ஒன்று இருந்தாலே எண் இவ்வாறு உடைந்துவிடும். ஒற்றைக் காரணியே இல்லாத சுட்டிகள் 1, 2, 4, 8, 16, 32, 64, … மட்டுமே.

இந்த வரிசையை ஆராய்ந்தவர் பிரான்சைச் சேர்ந்த பியேர் டி பெர்மா. அவர் துலூஸ் நகர உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வு நேர வேலை. 1640 ஆம் ஆண்டில் தம் கடிதங்களில், இந்த வரிசையிலுள்ள எல்லா எண்களும் முதன்மை எண்கள் எனத் தாம் கருதுவதாக எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் சொல்லியிருந்தார். ஐந்து எண்கள் சரியாக இருந்தன. ஆறாவது எண்தான் எமது 4 294 967 297.

உங்களுக்குத் தெரிந்த சோதனைகள் எவ்வளவு தூரம் போகும்?

ஆறாம் ஏழாம் வகுப்புகளில் படித்தவற்றை முதலில் பயன்படுத்துவோம். இறுதி இலக்கம் 7 ஆதலால் 2 ஆலும் 5 ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 4 + 2 + 9 + 4 + 9 + 6 + 7 + 2 + 9 + 7 = 59; அது 3 ஆல் வகுபடாதபடியால் எண்ணும் 3 ஆல் வகுபடாது. 7 இற்கு நீண்ட வகுத்தல் வேண்டாம். 2³ = 8, அதை 7 ஆல் வகுக்க மீதி 1. 2³² = (2³)¹⁰ × 2² ஆகையால் மீதி 1 × 4 = 4. ஒன்றைக் கூட்ட 5. எனவே 7 ஆலும் வகுபடாது.

சிலர் மடக்கை அட்டவணையைத் திறப்பார்கள். 2 இன் மடக்கை 0.3010. 32 ஆல் பெருக்க 9.6320. எனவே எண் அண்ணளவாக 4.285 × 10⁹. பத்து இலக்கங்கள் உண்டு என்பது இதிலிருந்து சரியாகத் தெரிகிறது. ஆனால் உண்மையான பெறுமானத்துக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு கோடி வித்தியாசம்! அண்ணளவாக்கல் எண்ணின் பருமனைக் காட்டும். எதனால் வகுபடும் என்பதைக் காட்டாது. சாதாரண கணிகருவியிலும் எட்டு இலக்கங்களுக்கு மேல் திரையில் வராது.

சரி, ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்த்தால் என்ன? ஓர் எண் சேர்த்தி எண் எனின் அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத ஒரு முதன்மைக் காரணி அதற்கு இருக்கும். இங்கு வர்க்கமூலம் 2¹⁶ ஐ, அதாவது 65 536 ஐ, மிகச் சிறிதளவே விஞ்சுகிறது. 65 536 இற்குக் குறைந்த முதன்மை எண்கள் 6542 உள்ளன. எனவே இந்த எண் முதன்மை எண் என உறுதியாகச் சொல்ல 6542 வகுத்தல்கள் செய்ய வேண்டும். மையில் தோய்க்கும் இறகுப் பேனாவோடு இருந்த ஒருவர் அதைச் செய்யாமல் விட்டதில் ஆச்சரியமில்லை.

641

சுவிற்சர்லாந்தின் பேசல் நகரிற் பிறந்த லெயோனார்ட் ஒயிலர் தமது இருபதாவது வயதில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்தில் சேர்ந்தார். 1729 ஆம் ஆண்டில் அவருடைய நண்பர் கோல்ட்பாக், பெர்மாவின் இக்கூற்றைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கடிதத்தில் கேட்டார். 1732 இல் ஒயிலர் பதிலைக் கண்டார்.

4 294 967 297 = 641 × 6 700 417

இதை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. கொப்பியை எடுங்கள். 2³² ஐ விரித்து எழுதாமலே, மீதிகளை மட்டும் வைத்துச் சரிபார்க்கலாம்.

2⁸ = 256.
2¹⁶ = 256² = 65 536. இதை 641 ஆல் வகுக்க: 641 × 102 = 65 382; மீதி 154.
2³² இன் மீதியைக் காண 154 ஐ வர்க்கிக்க: 154² = 23 716. 641 × 36 = 23 076; மீதி 640.
எனவே 2³² + 1 இன் மீதி 640 + 1 = 641, அதாவது 0.

இரண்டு வகுத்தல்களில் வேலை முடிந்தது. பெருக்குவதற்கு முன்னரே மீதியை எடுத்துவிட்டால் எண் ஒருபோதும் பெரிதாக வளராது என்பதே இங்குள்ள உத்தி. பெரிய சுட்டி கொண்ட எண்ணின் மீதி கேட்கப்படும் எந்த வினாவுக்கும் இது உதவும்.

இன்னொரு வழி இதைவிட அழகானது. அதில் வகுத்தலே இல்லை. 641 ஐ இரண்டு விதமாக எழுதுக.

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவது வரியை 2²⁸ ஆல் பெருக்க,

641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³²

வலப் பக்கத்திலுள்ள 5⁴ × 2²⁸ என்பது (5 × 2⁷)⁴, அதாவது 640⁴. எனவே 2³² = 641 × 2²⁸ − 640⁴. இரு பக்கமும் 1 ஐக் கூட்ட,

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

அடைப்புக்குள் இருப்பதை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுக.

640⁴ − 1 = (640² + 1)(640² − 1) = (640² + 1)(640 + 1)(640 − 1) = 409 601 × 641 × 639

இரண்டு உறுப்புகளிலும் 641 பொதுக் காரணி. ஆகவே,

2³² + 1 = 641 × (2²⁸ − 639 × 409 601)

அடைப்பைச் சுருக்க 268 435 456 − 261 735 039 = 6 700 417. மற்றைய காரணியும் தானாகவே வெளியில் வந்துவிட்டது! காரணிப்படுத்தல் எதற்குப் பயன்படும் என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த ஐந்தாறு வரிகளை ஒரு தரம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

641 எப்படி அவர் கையில் அகப்பட்டது?

முதன்மை எண்களை 2, 3, 5, 7 என வரிசையாக எடுத்தால் 641 என்பது 116 ஆவது. ஆனால் சரியான வழியில் தேடினால் ஐந்தாவது முயற்சியிலேயே அது அகப்படும். அந்த வழி இது.

2 இன் வலுக்களின் இறுதி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வருவதை அறிவீர்கள். எந்த ஒற்றை முதன்மை எண்ணால் வகுத்தாலும் மீதிகள் இப்படியே சுற்றி வரும். 5 ஆல் வகுக்க மீதிகள் 2, 4, 3, 1. சுற்றின் நீளம் 4. 7 ஆல் வகுக்க 2, 4, 1, நீளம் 3. 17 ஆல் வகுக்க 2, 4, 8, 16, 15, 13, 9, 1, நீளம் 8. முதன்மை எண்ணிலிருந்து 1 ஐக் கழித்துப் பாருங்கள்: 4, 6, 16. சுற்றின் நீளம் எப்போதும் இக்கழித்துவரும் எண்ணின் ஒரு காரணியாகும். (மூன்று உதாரணத்தைக் காட்டி "எப்போதும்" என்கிறீர்களே சேர் என்று கேட்பீர்களாயின், மிக நல்லது! இதற்கு முறையான நிறுவல் உண்டு. அது உங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதால் இங்கு தரவில்லை.) வேடிக்கை என்னவெனில், இத்தேற்றத்தை 1640 இலேயே எழுதியவரும் பெர்மாதான்.

இப்போது ஒரு முதன்மை எண் 2³² + 1 ஐ வகுக்கிறது எனக் கொள்வோம். அப்படியெனில் 2³² இன் மீதி −1. வர்க்கிக்க, 2⁶⁴ இன் மீதி +1. எனவே சுற்றின் நீளம் 64 இன் காரணியாக இருக்க வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64 இவற்றுள் ஒன்று. அது 32 ஆகவோ அதிலும் குறைவாகவோ இருந்தால் 2³² இலேயே மீதி +1 ஆகியிருக்கும். ஆனால் அங்கு −1. எனவே நீளம் சரியாக 64. அதாவது அம்முதன்மை எண்ணிலிருந்து 1 ஐக் கழித்தால் 64 இன் மடங்கு வரவேண்டும்.

64 இன் மடங்குகளோடு 1 ஐக் கூட்டுக: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641, … இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. மேலே காட்டிய மீதி முறையைப் பயன்படுத்தினால் முதல் நான்குக்கும் மீதிகள் முறையே 109, 2, 325, 288. ஐந்தாவதில் 0.

6542 வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்தன. பெர்மா தமது தேற்றத்தைத் தமது ஊகத்தின் மீதே பிரயோகித்திருந்தால் ஒரு பின்னேரத்தில் இந்த வேலை முடிந்திருக்கும்.

மற்றைய காரணியான 6 700 417 முதன்மை எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588 இற்குச் சற்றுக் கூட. 1878 இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர், 64 இற்குப் பதிலாக 128 இன் மடங்குகளை மட்டும் பார்த்தாற் போதும் எனக் காட்டினார். அவ்வாறு பார்த்தால் 2588 இற்குக் குறைந்த முதன்மை எண்களாக 257, 641, 769, 1153, 1409 மட்டுமே வரும். 257 ஆல் எமது எண் வகுபடாது என்பதை மேலே கண்டோம். மிகுதி நான்கால் 6 700 417 ஐ வகுக்க மீதிகள் முறையே 44, 120, 334, 622. எனவே அது முதன்மை எண்ணே. ஆகவே 4 294 967 297 இன் காரணிகள் 1, 641, 6 700 417, 4 294 967 297 ஆகிய நான்கு மட்டுமே.

பக்கத்து வீட்டுக்காரர்

இந்த எண்ணிலிருந்து 2 ஐக் கழித்தால் 4 294 967 295, அதாவது 2³² − 1. தகவல் தொழினுட்பம் படிப்பவர்களுக்கு இது பழக்கமான எண். 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழுவெண் இதுவே. துவித முறையில் 32 ஒன்றுகள். எமது எண்ணோ துவித முறையில் 1, பின்னர் 31 பூச்சியங்கள், இறுதியில் 1. மொத்தம் 33 இலக்கங்கள்.

பக்கத்து எண்ணை உடைப்பது மிக இலகு. இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துக.

2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1) = (2¹⁶ + 1)(2⁸ + 1)(2⁸ − 1) = …
= 65 537 × 257 × 17 × 5 × 3

தொடக்கத்தில் நாம் எழுதிய ஐந்து எண்களும் அப்படியே வந்துவிட்டன. இதிலிருந்து இன்னொரு விடயமும் கிடைக்கிறது. 17 உம் 4 294 967 297 உம் தரப்பட்டு, பொதுக் காரணிகளுட் பெரியதைக் கேட்டால்? பொதுக் காரணி எதுவாயினும் அது 4 294 967 295 ஐயும் வகுக்கும். எனவே இரண்டினதும் வித்தியாசமாகிய 2 ஐயும் வகுக்கும். எண்கள் ஒற்றை எண்களாதலால் அது 1 மட்டுமே. வகுத்தல் ஒன்றுகூடச் செய்யாமல் விடை வந்துவிட்டது.

ஆறாவதுக்குப் பிறகு

ஏழாவது எண் 2⁶⁴ + 1, இருபது இலக்கங்கள். 1880 இல் லாண்ட்ரி என்பவர் அதன் சிறிய காரணி 274 177 என வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அதன் பின்னர் கணினிகள் வந்தன. ஆறாவது எண்ணிலிருந்து தொடர்ச்சியாக இருபத்தெட்டு எண்கள் சேர்த்தி எண்கள் என இன்று அறியப்பட்டுள்ளன. முதல் ஐந்தைத் தவிர இந்த வரிசையில் வேறு எந்த முதன்மை எண்ணும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஐந்து உதாரணங்கள் எவ்வளவு மோசமாக ஏமாற்றியுள்ளன பாருங்கள்.

ஆயினும் அந்த ஐந்து எண்களும் வீணாகவில்லை. 1796 இல் பதினெட்டு வயதான கவுஸ், நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் எனக் காட்டியபோது அதற்கு அடிப்படையாக இருந்தது 17 = 2⁴ + 1 என்பதே. அது தனிக் கதை.

இதைப் பரீட்சைக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஒரு கூற்று பிழை என்று காட்ட ஒரேயொரு எதிர் உதாரணம் போதும். 641 ஐக் காட்டியவுடன் பெர்மாவின் கூற்று விழுந்துவிட்டது. ஆனால் ஒரு கூற்று எப்போதும் உண்மை என்று காட்ட எத்தனை உதாரணங்களும் போதாது. அதற்கு அட்சரகணிதம் வேண்டும். "அடுத்துவரும் இரண்டு ஒற்றை எண்களின் வர்க்கங்களின் வித்தியாசம் 8 ஆல் வகுபடும் எனக் காட்டுக" என்று வினா வந்தால், 3² − 1² = 8, 5² − 3² = 16 என்பவற்றை வேலைத்தாளில் எழுதிப் பார்ப்பது நல்லதுதான், வினா விளங்கும். விடைத்தாளில் எழுத வேண்டியது இது: ம ஒரு முழுவெண் எனின் அடுத்துவரும் ஒற்றை எண்கள் 2ம − 1, 2ம + 1. அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் (2ம + 1)² − (2ம − 1)² = 4ம × 2 = 8ம. இது 8 இன் மடங்கு. (ம இற்குப் பதில் வகுப்பில் நீங்கள் பாவிக்கும் எழுத்தையே எழுதுங்கள்.) மூன்று வரிகள், முழுப் புள்ளி.

பயிற்சி

1. 2¹² + 1 ஐ (2⁴)³ + 1 என எழுதி, அது 17 ஆல் வகுபடும் எனக் காட்டுக. மற்றைய காரணி யாது?

2. மீதி முறையைப் பயன்படுத்தி 2³² + 1 ஐ 13 ஆல் வகுக்க வரும் மீதியைக் காண்க.

3. 2⁶⁴ − 1 ஆனது 641 ஆல் வகுபடும் எனக் காட்டுக. (பெருக்கிப் பார்க்க வேண்டாம்.)

4. ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41 ஐயும் கூட்டுக. 1 இற்கு 43, 2 இற்கு 47, 3 இற்கு 53 என முதன்மை எண்களாகவே வருகின்றன. "எப்போதும் முதன்மை எண்ணே வரும்" என ஒரு மாணவன் எழுதினான். 39 வரை அவனுடைய கூற்று சரியாகவே இருக்கிறது. 40 இற்கு என்ன வரும்?

விடைகள்: (1) 241. (2) 10. (3) இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத, 2³² + 1 ஒரு காரணியாகும். (4) 40² + 40 + 41 = 40 × 41 + 41 = 41².